தவசிமுத்து கொடுத்த பூட்டு

"நான் குடுத்த பூட்டு எங்கம்மா?"

வாசலில் நின்றபடியே கேட்டார் தவசிமுத்து. ராயபுரத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். அவர் கண் கதவின் வெறும் நாதாங்கியிலேயே இருந்தது.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த தாயம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "உள்ள வாங்க மொதலாளி. மொதல்ல குந்துங்க."

அவர் உட்காரவில்லை.

திருவொற்றியூரில் அந்த ஓட்டு வீட்டில் இருந்த பையன்கள் எல்லோரும் சின்னச் சின்னத் திருட்டுகளில் பிடிபட்டவர்கள். மாஜிஸ்திரேட் அவர்களைச் செங்கல்பட்டுச் சீர்திருத்தப் பள்ளியின் மதில் சுவருக்குள் அனுப்பாமல் தாயம்மாவின் பொறுப்பில் விட்டிருந்தார். பகலில் வேலைக்குப் போகலாம். ராத்திரி வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அடைத்து வைத்தால் சர்க்கார் சோறு போடும். வெளியே விட்டால் யார் போடுவது? ராயபுரம் வியாபாரிகளின் மகமைதான் போட்டது. விற்கிற சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு என்று பொதுக் காரியத்துக்கு எடுத்து வைப்பது அவர்களுடைய வழக்கம்.

போன வருஷம் இந்த வீட்டுக்கு மகமை கொடுப்பதென்று முடிவானபோது, ஆளாளுக்குத் தன் கடைச் சரக்கிலும் ஒன்றைக் கொடுத்தார்கள். மளிகைக்காரர் பருப்பு கொடுத்தார், ஜவுளிக்காரர் துண்டுகள் கொடுத்தார். தவசிமுத்து கொடுத்தது ஒரு திண்டுக்கல் பூட்டு. திருட்டுப் பயல்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று அவர் கேட்டதும் கூட்டமே சிரித்தது. இந்த வீட்டுப் பயல் ஒருத்தனும் தன் கடைப் படியை மிதிக்கக் கூடாது என்றும் அன்றே சொல்லிவிட்டார்.

இன்று சாயங்காலம் மறுபடியும் கூட்டம். மகமையைத் தொடர்வதா, நிறுத்துவதா என்று பேசப் போகிறார்கள். நிறுத்தினால் பையன்கள் செங்கல்பட்டுக்குப் போக வேண்டியதுதான். தவசிமுத்து நேரில் பார்த்துவிட்டு வந்து என்ன சொல்கிறாரோ, அதுதான் முடிவு.

"கதவுல காணோம். வேற எங்க வச்சிருக்க?"

கதவில் அதை ஒரு நாளும் மாட்டியதில்லை என்றாள் தாயம்மா. எலி மூடியைத் தள்ளிவிடாமல் இருக்க அரிசிப் பானை மேல் பாரமாக வைத்திருந்தாளாம்.

தவசிமுத்துவுக்குச் சுருக்கென்றது. நேரே அடுக்களைக்குப் போய்ப் பார்த்தார். பானை மூடியின் மேல் ஒரு கருங்கல் இருந்தது.

"இங்க கல்லுல்லா இருக்கு. பூட்டு?"

"அது வேற எடத்துல வேல செஞ்சிகினு கீது."

"எந்த இடத்துல?"

"அத்த சொன்னா ரெண்டு பேரு பொழப்பு பூடும், மொதலாளி."

கோபமாக வந்தவருக்கு இப்போது ஆர்வம் பிடித்துக்கொண்டது. பூட்டு எங்கேதான் போயிருக்கும்? பாய்ச் சுருளை விரித்துப் பார்த்தார். தகரப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். புழக்கடைக்குப் போய்க் கிணற்றுக்குள்ளும் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். தாயம்மா பின்னாலேயே போனாள். "கெணத்துல யாரு மொதலாளி பூட்டு போடுவாங்க?" என்று கேட்டாள்.

திரும்பி வந்தவர் பூட்டின் அருமையை அவளுக்கு விளக்க ஆரம்பித்தார். ஐப்பசிப் புயலில் தண்டையார்பேட்டையில் பல கிடங்குகளின் கதவு பிய்ந்துபோய், ராவோடு ராவாகச் சரக்கெல்லாம் களவு போனது. தவசிமுத்துவின் கிடங்கில் மட்டும் ஓர் ஆணி குறையவில்லை. பார்த்துப் பார்த்துப் பூட்டி வைத்த கணக்கப்பிள்ளை குமாரவேலின் சாமர்த்தியம் அது. கடையை விட்டு நகராத முதலாளிக்கு அவன்தான் கிடங்கில் கண்ணும் காதும்.

"ஆளு அப்படி இருக்கணும், பாத்துக்கோ." இடுப்பில் செருகியிருந்த கிடங்குச் சாவியைத் தட்டிக் காட்டினார். "நீ பானை மேல வச்சேன்னு சொல்லுத, கல்லக் காட்டுத."

தாயம்மா முறத்தை எடுத்துத் தலையைக் குனிந்துகொண்டு புடைக்கத் தொடங்கினாள்.

அவருக்குப் பொறுமை போய்விட்டது. "பழைய இரும்புக்காரன்கிட்ட வித்துத் தின்னுட்டானுவ. அப்படித்தானே? கூட்டத்துல அதத்தான் சொல்லப் போறேன்."

அப்போது வேலை முடிந்து உள்ளே வந்தான் இன்னாசி. அந்த வீட்டில் மூத்தவன் அவன்தான். சட்டையெல்லாம் துருக் கறை. தவசிமுத்துவைக் கண்டதும் வந்த வழியே திரும்பப் பார்த்தான்.

"ஏலே, இங்க வா. எங்கல வேல பாக்குத?"

இன்னாசி தாயம்மாவைப் பார்த்தான். தாயம்மா வேண்டாம் என்பது போலத் தலையை அசைத்தாள்.

"கேக்குதேம்லா? பூட்ட எந்தக் கடையில வித்தீங்க?"

கூடத்தில் மற்றப் பையன்கள் ஒருத்தரையொருத்தர் இடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

"சொல்லிடு யக்கா," என்றான் இன்னாசி. "என் ஒருத்தன் வேல போனா போவட்டும். இவனுங்க அத்தினி பேரும் செங்கல்பட்டு போவக் கூடாது."

தாயம்மா முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள்.

"உங்க கணக்கப்பிள்ள உங்களுக்குத் தெரியாம இவனத்தான் கெடங்குல மூட்ட தூக்க வெச்சிருக்காரு. புயலு அன்னிக்கு அங்க பூட்டு பிச்சிகினு போச்சு, கட எல்லாம் மூடிக் கெடக்குது. இவன்தான் கொட்ற மழையில இங்க ஓடியாந்து, பான மேல இருந்தத எத்துகினு ஓடனான். பூட்டு எங்கன்னு கூட்டத்துல கேட்டா, சாவிய எட்த்துக் காட்டுங்க மொதலாளி. உங்க இடுப்புலதான் கீது."