அசல் அழுக்கு

ஃபெம்கே முழங்காலிட்டு உட்கார்ந்து சமையலறைத் தரையை உற்றுப் பார்த்தாள். ரொட்டியில் தூவித் தின்கிற சாக்லேட் மணிகள் அங்கங்கே சிதறிக் கிடந்தன.

"போதாது" என்று முனகிவிட்டு, டப்பாவில் மிச்சமிருந்ததையும் கொட்டினாள்.

பின்னாலேயே வந்தான் அவள் பிள்ளை மீஸ். வயது மூன்றரை, கையில் குட்டித் துடைப்பம். "குப்பையே குப்பையே கூடைக்குப் போ" என்று குழந்தைகள் காப்பகத்தில் சொல்லிக்கொடுத்த பாட்டைப் பாடிக்கொண்டே அத்தனையையும் கூட்டி அள்ளிவிட்டான்.

"டேய், கூட்டாதடா! உனக்குப் புண்ணியமாப் போகும்!"

"கொட்டினா கூட்டணும்மா. டீச்சர் சொன்னாங்க."

ஃபெம்கேயின் தலைவலியே இதுதான். இன்ஸ்டாவில் 'ஒளிக்காத அம்மா' என்ற பெயரில் தினமும் படம் போடுகிறாள். அடிப்பிடித்த கஞ்சி, சீவாத தலை, சுவரெல்லாம் கிறுக்கல். பன்னிரண்டாயிரம் அம்மாக்கள் 'எங்க வீடும் இப்படித்தான்' என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். கிறுக்கியது அவள்தான் என்பதும், படம் எடுத்த மறுநிமிடம் அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து பளபளவென்று துடைத்துவிடுவார்கள் என்பதும் யாருக்குத் தெரியும்?

இன்று பத்தரை மணிக்கு அம்மாக்கள் பத்திரிகையிலிருந்து நடுவர் வருகிறார். 'இந்த வருடத்தின் நிஜ அம்மா' பரிசு கிடைத்தால் டெஸ்ஸல் தீவில் ஒரு வாரம் இலவச விடுமுறை. சமைத்துப் போடுவதற்கு ஆள் உண்டு. மீஸ் பிறந்ததிலிருந்து ஃபெம்கே ஒரு வேளைகூட உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டதில்லை.

நடுவர் பெயர் மார்யோலைன். போன வருடம் பரிசு வாங்கியவரே அவர்தான். ஒரு துணிமலைக்கு முன்னால் உட்கார்ந்து அழுத படத்துக்கு.

திரையை மூடிக்கொண்டு நிதானமாக வீட்டைக் கலைக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அந்தத் தெருவில் பட்டப்பகலில் திரை மூடினால் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று அக்கம்பக்கத்தார் பூங்கொத்தோடு வந்து நிற்பார்கள்.

மணி ஒன்பதரை. மீஸை சைக்கிளின் முன்பெட்டியில் உட்கார்த்திவைத்துக்கொண்டு ஹன்னெகா வீட்டுக்கு மிதித்தாள். ஹன்னெகாவுக்கு மூன்று பிள்ளைகள். ஊரிலேயே உண்மையான அலங்கோலம் அவள் வீட்டில்தான் என்று ஃபெம்கேக்கு நம்பிக்கை.

"மானம் போகுதுடி. ஒரே ஒரு அழுக்குத்துணி மூட்டை இரவல் குடு. மத்தியானமே திருப்பித் தந்துடறேன்."

"அங்கேயே நில்லு, உள்ள வராத. எடுத்துட்டு வரேன்." ஹன்னெகா கதவைச் சாத்திக்கொண்டு போய் ஒரு பெரிய நீலப் பையை இழுத்து வந்தாள்.

"நீ குடுத்துவச்சவடி. உனக்கு எல்லாம் தானாவே அலங்கோலமாயிடுது."

"ஆமாமா, தானாத்தான்" என்றாள் ஹன்னெகா, சைக்கிள் மணியைப் பார்த்துக்கொண்டு. "இந்தா, இந்தப் பச்சை சாக்ஸ் மட்டும் உச்சில தெரியணும். படத்துல அதான் எடுப்பா இருக்கும்."

ஃபெம்கே அதைத் தூக்கிப் பிடித்தாள். முழங்காலையும் தாண்டியது. "உன் வீட்டுக்காரர் என் தோள் உயரம்தானடி! இது யார் போடறது?"

"துவைச்சுத் துவைச்சு நீண்டுபோச்சு. கேள்வி கேக்க வந்தியா, துணி வாங்க வந்தியா?"

மீஸ் மூட்டைமேல் உட்கார்ந்து பவனி வந்தான். ஃபெம்கே கூடத்தின் நடுவில் பையைக் கவிழ்த்து மலையாக்கினாள். உச்சியில் பச்சை சாக்ஸைக் கொடி மாதிரி நட்டாள். பிறகு சமையலறைக்கு ஓடி, மேசை, நாற்காலி, குளிர்பெட்டிக் கதவு என்று ஒன்று விடாமல் ஜாம் பூசினாள்.

அழைப்புமணி அடித்தது. ஃபெம்கே ஓடிப்போய்க் கதவைத் திறந்த பிறகுதான் தலையைக் கலைக்க மறந்தது ஞாபகம் வந்தது. நடுவர் முன்னாலேயே கலைத்துக்கொண்டாள்.

"வாங்க, வாங்க. தப்பா நினைக்காதீங்க, நம்ம வீடு எப்பவும் இப்படித்தான்!"

சொல்லிக்கொண்டே திரும்பியவள் அப்படியே நின்றாள். மலையைக் காணோம். கோணல்மாணலாக மடித்த சட்டைகள் ஒரு வரிசை, ஜோடி சேர்த்த சாக்ஸுகள் ஒரு வரிசை. மீஸ் பாட்டின் கடைசி வரியில் இருந்தான்.

"ஆன்ட்டி, இதுக்கு மட்டும் ஜோடி இல்ல" என்று பச்சை சாக்ஸை நடுவரிடம் நீட்டினான். "இது எங்க வீட்டு சாக்ஸ் இல்ல. சைக்கிள்ல வந்துச்சு."

ஃபெம்கேயின் கண்ணெதிரே டெஸ்ஸல் தீவு மொத்தமும் கடலுக்குள் போனது.

"உண்மையைச் சொல்லிடறேங்க" என்று அழ ஆரம்பித்தாள். "இது என் துணியே இல்ல. ஹன்னெகா வீட்டுலேர்ந்து இரவல் வாங்கினேன். ஒரு கரண்டி கழுவாம கிடந்தாக்கூட எனக்குத் தூக்கம் வராது. நான் நிஜ அம்மாவே இல்லைங்க. பரிசை அவளுக்கே குடுத்துடுங்க."

"ஹன்னெகா வீட்டுத் துணியா? அவளா சொன்னா?"

மார்யோலைன் சாக்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜன்னல் வழியே தெருவை ஒரு தடவை நோட்டம் விட்டார். சட்டென்று அதைத் தன் கைப்பைக்குள் திணித்துக்கொண்டார்.

"ஆன்ட்டி, அதோட ஜோடி?" என்றான் மீஸ், விடாமல்.

"எங்க வீட்ல இருக்குடா. ஹன்னெகாவுக்கு இரவல் குடுத்ததே நான்தான். இப்படி மடிச்சு வச்சுட்டியே பாவி, மூணு நாள் பாடுபட்டு நான் அழுக்காக்கின துணிடா இது!"