இடம் மாறிய கோளாறு

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் பல்லெல்லாம் கொட்டிப் போகட்டும். ஏற்கெனவே கொட்டிவிட்டதே என்கிறீர்களா? அது வேறு கதைக்காகப் போனது. இது சத்தியம். முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை சத்தியம்!

மலைமேல் பைல் நாடு என்னும் பகுதியில், எங்கள் ஊருக்கு மேலே ஒரு பழைய காலத்து விமானம் இருமிக்கொண்டே வந்து, பாவாயியின் சாமைக்காட்டில் இறங்கியது. அறுப்பு முடிந்திருந்ததால் ஆளுக்கும் சேதமில்லை, வெள்ளாமைக்கும் சேதமில்லை. பாவாயியின் சேவல் மட்டும் அன்றோடு கூவுவதை நிறுத்திவிட்டது.

ஓட்டி வந்தவர் பாலசுப்பிரமணியம். கோயம்புத்தூரில் மில் முதலாளி. பழைய விமானத்தில் பறப்பது அவருடைய பொழுதுபோக்கு. பறக்கத் தெரியுமே தவிர, ஒரு மரை கழற்றத் தெரியாது. அதற்குத்தான் பின் சீட்டில் மெக்கானிக் ஓம்பிரகாஷ்.

விமானத்தின் மூக்கில் பூவிதழ் போல வட்டமாக ஒன்பது சிலிண்டர். ஓம்பிரகாஷ் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தினார். ஒவ்வொரு சிலிண்டரின் புகைக்குழாயிலும் தண்ணீர் தெளித்தார். எட்டு 'சொய்ங்' என்றன. ஒன்று கம்மென்று இருந்தது.

"இது எரியலைங்க. பிளக்கைப் பார்க்கணும்."

"சீக்கிரம் பாரு. ஓடலைன்னா பிரிச்சு லாரியில ஏத்திருவேன்" என்றார் முதலாளி. ஓம்பிரகாஷ் பார்த்தார், மாற்றினார். மறுநாள் அது நன்றாகச் சுட்டது. பக்கத்து சிலிண்டர் ஆறிக் கிடந்தது. அதைச் சரி செய்தால், அதற்கு மறுநாள் அடியில் இருந்த ஒன்று.

"ஏய்யா, கோளாறு எங்காவது இடம் மாறுமா? நீ மெக்கானிக்கா, மந்திரவாதியா?" என்று கத்தினார் முதலாளி.

"பழைய எஞ்சினுங்க."

"எஞ்சின் பழசு இல்லடா. உன் மூளை பழசு!"

விமானத்தைப் பிரித்து லாரியில் ஏற்றிப் போவது என்று முடிவானது. லாரி வர எங்கள் ஊருக்கு ஏது ரோடு? தார் ரோட்டிலிருந்து ஒற்றையடிப் பாதைதான். நோயாளிகளைத் தூளி கட்டித்தான் தூக்கிப் போவோம்.

முதலாளி ஒரு போன் போட்டார். பொக்லைன் வந்துவிட்டது. நாங்கள் மனு மேல் மனு கொடுத்தும் வராத அனுமதி அதன் பின்னாலேயே ஓடி வந்தது.

"எஞ்சின் சரியான அந்த நிமிஷமே வேலையை நிறுத்திரணும்" என்று பொக்லைன் டிரைவரிடம் கறாராகச் சொல்லி வைத்தார்.

பாவாயியின் மருமகள் கோகிலவாணிக்கு நிறைமாதம். முதல் பிள்ளை பாதி வழியில், தூளியிலேயே தவறிப் போயிருந்தது. பாவாயி தினமும் போய் ரோடு எதுவரை வந்திருக்கிறது என்று பார்ப்பாள். திரும்பி வந்து ஓம்பிரகாஷுக்கு மரவள்ளிக் கிழங்கு அவித்துக் கொடுப்பாள்.

"இன்னிக்கு ஓடிருமா சாமி?"

"பார்க்கலாமுங்க."

ஓட வேண்டும் என்று கேட்கிறாளா, ஓடிவிடக் கூடாது என்று கேட்கிறாளா, அவள் முகத்தில் தெரியாது.

முதலாளிக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

"ரோடு வேணும்னு ஊர்க்காரன் எவனோ எஞ்சின்ல கை வைக்கிறான். இல்லைன்னு சத்தியம் பண்ணுங்க. இல்லாட்டி போலீஸைக் கூப்பிடுவேன்!"

கோயில் வாசலில் சூடம் ஏற்றினோம். பொய் சொல்லிச் சூடத்தை அணைத்தால் கண் போய்விடும். ஊர்க்கவுண்டர் காளியண்ணன் எரியும் சூடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என் கைக்கு நான் அணைப்பேனுங்க. ஊர்க் கைக்கெல்லாம் நான் எப்படியுங்க அணைக்கறது?"

"அப்ப ஊர்ல எவனோ திருடன்தானே?"

காளியண்ணன் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். ஊரில் இளவட்டங்களுக்கா பஞ்சம்?

அப்போது ஓம்பிரகாஷ் முன்னால் வந்தார்.

"இந்த ஊர்க்காரங்க ஒருத்தர்கூட எஞ்சினைத் தொடலை. நான் அணைக்கிறேன்."

"வேண்டாஞ் சாமி!" என்று பதறினாள் பாவாயி. "அறியாத விசயத்துக்கு அணைச்சீன்னா கண்ணு அவிஞ்சு போயிரும்!"

அவர் பட்டென்று உள்ளங்கையால் அணைத்துவிட்டார்.

முதலாளி உதட்டைப் பிதுக்கினார். "சரி, ஊர்க்காரன் யோக்கியன். அப்படின்னா நீதான் உதவாக்கரை. கீழே போனதும் இனி உனக்கு விமானம் துடைக்கிற வேலைதான்."

கூட்டம் சிரித்தது. ஓம்பிரகாஷ் கையிலிருந்த கரியைத் துடைத்துக்கொண்டார்.

கோகிலவாணிக்கு வலி கண்ட காலையில், பொக்லைன் கடைசிப் பாறையைப் புரட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் எங்கள் ஊர் சரித்திரத்திலேயே முதல் தடவையாக ஆம்புலன்ஸ் பாவாயி ஊட்டு வாசலில் வந்து நின்றது. கோகிலவாணியை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. அது வளைவில் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்த ஓம்பிரகாஷ், ஸ்பேனரோடு எஞ்சின் பக்கம் போனார்.

ஒன்பது சிலிண்டரும் ஒரே குரலில் முழங்கின!

"இப்பப் பார்த்து ஓடுது! இத்தனை ரோடும் தண்டம்!" என்று திட்டிக்கொண்டே முதலாளி முன் சீட்டில் ஏறினார்.

பின் சீட்டில் ஏறப் போன ஓம்பிரகாஷின் காதோரம் கேட்டேன். "ஏனுங்க, முன்னே பின்னே தெரியாத ஊருக்காக எந்த தைரியத்துல சூடத்தை அணைச்சீங்க?"

"உண்மையைத்தானே சொன்னேன்?" என்றார். "தினமும் ஒரு பிளக் வயரைக் கழட்டி விட்டது நானாச்சே!"

அவர் இன்னும் அதே முதலாளியிடம்தான் விமானம் துடைக்கிறார். அதனால் இதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளாதீர்கள். வாய் தவறிச் சொல்லிவிட்டாலும், சொன்ன கிழவன் எந்த ஊர் என்று மட்டும் கேட்டால் முழியுங்கள், சாமி.