214-ஆம் நம்பர் அட்டை

"இந்த அட்டை யாரோடதுன்னு மட்டும் சொல்லுங்க சிஸ்டர். வேற ஒண்ணும் கேக்கல."

வெள்ளைத்துரை ஒரு மஞ்சள் அட்டையை மேசைமேல் வைத்தான். மடித்து மடித்து ஓரம் நைந்திருந்தது. அதில் பெயர் இல்லை. 214 என்ற எண்ணும், ஊசி போட வேண்டிய மூன்று வியாழக்கிழமைகளின் தேதியும் மட்டும். இரண்டு தேதிகளுக்கு நேரே டிக் அடித்திருந்தது.

சகாயமேரி அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பால்வினை நோய்களுக்கு வைத்தியம் பார்க்கும் இந்த அரசு ஆஸ்பத்திரி அறையில் அவள் நர்ஸாகிப் பதினெட்டு வருஷம். இங்கே யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நம்பர்தான்.

"சொல்லக் கூடாது தம்பி."

"அப்ப நான் சொல்றேன். அருண்பாண்டியோடது. அவனியாபுரத்துல வெல்டிங் பட்டறை வச்சிருக்கான். வர்ற ஆவணியில என் தங்கச்சி முனீஸ்வரியைக் கட்டிக்கப் போறவன். எங்க வில்லாபுரத்து ஷேர் ஆட்டோக்காரர், ரெண்டு வியாழக்கிழமை இந்தக் கதவுக்கு வெளிய அவனைப் பார்த்திருக்காரு. கையில இதே மஞ்ச அட்டை. வீட்டுக்கு வந்தவன் சட்டைப் பையில கைய விட்டு நானே எடுத்தேன்."

அவள் பக்கத்திலிருந்த பதிவேட்டை மூடி வைத்தாள்.

"வச்சேன் கன்னத்துல ஒண்ணு. தடுக்கக்கூட இல்ல சிஸ்டர். 'ஆமா மச்சான், என்னோடதுதான்'னான்."

"அப்புறம் எதுக்கு என்கிட்ட வந்தீங்க?"

"என் தங்கச்சி கேக்க மாட்டேங்கிறாளே! அவன் ஒத்துக்கிட்டப்ப பக்கத்துலதான் நின்னா. ஏதோ சொல்ல வாயெடுத்தா. 'முனீஸ், நீ உள்ள போ'ன்னு அதட்டுறான். என் வீட்டுல நின்னுக்கிட்டு என் தங்கச்சியை! அம்புட்டுத் திமிரு. விடிஞ்சதும் இவ சொல்றா, கட்டுனா அவரைத்தான் கட்டுவேன்னு. வசிய மருந்து ஏதும் வச்சுட்டானோ என்னமோ. ஒரு துண்டுச் சீட்டுல அவன் பேரையும் நோயையும் எழுதிக் குடுங்க. அவ மூஞ்சிக்கு நேரா நீட்டணும்."

"எழுதினா என் வேலை போயிரும். அதுகூடப் பெருசில்ல. நாளைக்கு இந்த அறைக்கு ஒருத்தரும் வர மாட்டாங்க. நோயை வச்சுக்கிட்டு வீட்டுலயே கிடப்பாங்க."

"உங்க மகளா இருந்தா இப்படித்தான் பேசுவீங்களா?"

மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு சொல் சகாயமேரியின் தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கினாள்.

"என் மகளா இருந்தாலும் இதேதான் தம்பி."

வெள்ளைத்துரை நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தான். அவன் குரல் இறங்கியிருந்தது.

"அவளோட மொதக் கல்யாணம் நான் பார்த்து முடிச்சது. உசிலம்பட்டிக்காரன், வடக்க முறுக்குக் கம்பெனி வச்சிருக்கான்னாங்க. நிலத்தை விசாரிச்சேன், தொழிலை விசாரிச்சேன், ஆளை விசாரிக்கல. வருஷத்துக்கு ரெண்டு தடவை வருவான். மூணாவது வருஷம் குடிச்சே செத்தான். இன்னிக்கு வரைக்கும் அவ என்னைக் குத்திக்காட்டி ஒரு வார்த்தை பேசினதில்ல. மறுபடியும் நானே அவளைக் குழியில தள்ளணுமா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டான். சகாயமேரி தண்ணீர் பாட்டிலை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"பொதுவா ஒண்ணு சொல்றேன். இங்க வர்ற எல்லார்கிட்டயும் சொல்றதுதான். அட்டையில போட்ட ஊசியைத் தவறாமப் போட்டுக்கிட்டு, டாக்டர் சொல்ற டெஸ்டையும் எடுத்துட்டா இந்த நோய் குணமாயிரும். கட்டிக்கிறவங்களுக்கும் பயமில்ல, பிறக்கிற பிள்ளைக்கும் பயமில்ல. நோய் வந்ததை வச்சு யாரையும் எடை போடாதீங்க. ஒரு தப்பும் பண்ணாதவங்களுக்கும் இது வரும்."

"நெசமாவே குணமாயிருமா?"

"ஆயிரும்."

அவன் எழுந்தான். கதவு வரை போய் நின்றான்.

"அடி வாங்கிக்கிட்டு என்னைப் பார்த்தான் பாருங்க, அந்தப் பார்வையில கோவமே இல்ல சிஸ்டர். அதுதான் என்னை என்னமோ பண்ணுது." கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "நாளைக்குத்தானே மூணாவது ஊசி? போட்டு விட்டுருங்க. அவ ஆசைப்படி கல்யாணம் நடக்கட்டும். ஆனா சாகுற வரைக்கும் அவன்கிட்ட நான் முகம் குடுத்துப் பேச மாட்டேன்."

போய்விட்டான்.

சகாயமேரி அட்டையின் மடிப்புகளை விரலால் நீவிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். இந்த அறையில் பொய் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறாள். பழியை அடுத்தவர்மேல் போடுபவர்களைப் பார்த்திருக்கிறாள். பதினெட்டு வருஷத்தில் இப்படி ஓர் ஆளைப் பார்த்ததில்லை. கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டுக்கொண்டது.

முதல் வியாழக்கிழமை கண்முன் வந்தது. முதல் புருஷன் விட்டுப்போன நோயோடு, "எங்கண்ணனுக்குத் தெரிஞ்சா உசுரையே விட்டுருவாரு" என்று விம்மிக்கொண்டிருந்தாள், 214-ஆம் நம்பர்க்காரி முனீஸ்வரி. நோய் எதுவும் இல்லை என்று ரிசல்ட் வாங்கியிருந்த அருண்பாண்டி, அவள் விரல்களிலிருந்து அட்டையை மெல்ல உருவித் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னான்: "இது என்கிட்டயே இருக்கட்டும் முனீஸ். யாராச்சும் பார்த்தா என்னோடதுன்னு சொல்லிக்கிறேன்."