கைதட்டலை ஏற்றி இறக்கும் விதம்

தாராவிச் சங்கத் தலைவர் பலவேசத்துக்கு அறுபத்தெட்டாம் வருஷத்துக் கார்ப்பரேஷன் தேர்தலில் நிற்க ஆசை. அவர் பேசும் கூட்டங்களில் கைதட்டல், கப்பலில் வந்த ஒரு டேப் ரிக்கார்டரிலிருந்துதான் வரும். மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து அதை ஓடவிடுவது மைக்செட் நாகூர் மீரானின் வேலை.

"சத்தத் திருகை மெள்ளத் திருப்பி ஏத்தணும், மெள்ள இறக்கணும் வே. பட்டுன்னு வந்து பட்டுன்னு நின்னா கள்ளக் கைதட்டுன்னு கழுதைக்கும் தெரிஞ்சிரும்" என்று மீரானுக்குத் தலைவர் பாடம் எடுப்பார்.

சனங்களை அவர் நம்பியதே இல்லை. "இவனுவளுக்கு எங்க கைதட்டணும்னு தெரியுமா?"

அன்று ஆண்டாப் ஹில் கூட்டம் முடிந்ததும் மீரான் மேல் பாய்ந்தார்.

"தொண்டை கிழியப் பேசுதேன், ஒரு கைதட்டு இல்ல. கடைசியில இடி விழுந்த மாதிரி ஒண்ணு போட்டீரு. அதையும் கத்தரிச்ச மாதிரி நிப்பாட்டிட்டீரு. எவனாவது நெசம்னு நம்புவானா? ஏத்தி இறக்கத் தெரியாத உமக்கெல்லாம் எதுக்குவே மைக்செட்டு?"

மீரான் தலையைச் சொறிந்தார்.

"அண்ணாச்சி, நீங்க மேடை ஏறுததுக்கு முன்னாடியே டேப்பு அறுந்து போச்சு. நான் ஒண்ணுமே போடல. அது சனங்க தட்டுனது."

தலைவரின் முகம் மலர்ந்தது.

"சனங்களா! எதுக்குத் தட்டுனாவ?"

"நீங்க 'இத்துடன் என் உரையை முடித்துக்கொள்கிறேன்'னு சொன்னீங்கள்லா, அதுக்கு."

"பெறவு ஏன் பட்டுன்னு நின்னுது?"

"'இன்னும் ஒரே ஒரு வார்த்தை'ன்னு மறுபடியும் மைக்கைப் பிடிச்சீங்கள்லா!"