நடுக்கம்பி

மொந்தெவெர்தே காட்டின் உச்சியில், மரங்களுக்கு மேலே கம்பியில் தொங்கிச் சறுக்கும் ஜிப் லைனில் பாதி தூரம் வந்த சினியா கம்பியை அழுத்திப் பிடித்து நின்றுவிட்டாள். அக்கரை மேடையிலிருந்து வழிகாட்டிப் பெண் யோர்லெனி கம்பியைப் பற்றிப் பற்றி அவளிடம் வந்தாள்.

"கீழ பாக்காதீங்க மேடம். தலை சுத்தும்."

"சுத்தலை. பச்சைப்பசேல்னு நல்லாத்தான் இருக்கு."

"பின்ன ஏன் பாதியில நின்னுட்டீங்க?"

அக்கரையில் கணவன் ஓல்மன் கத்தினான்: "இழுத்துட்டு வாம்மா அவளை! எல்லாரும் சிரிக்கிறாங்க!"

யோர்லெனி சிரித்தாள். "பாருங்க, மனுஷன் எப்படித் தவிக்கிறாரு! கண்ணை மூடிக்கங்க. பத்திரமா அவர்கிட்ட ஒப்படைச்சிடறேன்."

"கொஞ்ச நேரம் இங்கயே இருக்கேனே. கல்யாணமான நாள்லேர்ந்து, அவர் ஓங்குற கை எட்டாத இடத்துல நான் இருக்கிறது இப்பதான்."

யோர்லெனியின் சிரிப்பு நின்றது. வாக்கி டாக்கியை எடுத்தாள்.

"இடுப்பு வார்ல கோளாறு. மேடத்தைப் புறப்பட்ட மேடைக்கே கூட்டிட்டு வர்றேன்."

"அவரும் பின்னாடியே வந்துடுவாரும்மா!"

"வர முடியாது. வார்ல கோளாறு இல்லாம யாரையும் திருப்பி விட மாட்டோம். இன்னும் எட்டுக் கம்பி தாண்டினாத்தான் அவரு கால் தரையில படும். உங்க அம்மா ஊருக்கு எந்த பஸ்?"