முழங்கை உயரம்

இந்த ஆயாவை யார் இவ்வளவு உயரமாக வளரச் சொன்னது என்று எரிச்சலாக வந்தது அவளுக்கு.

பூசிக் காய்ந்த சமையலறைச் சுவரை ஒட்டி நின்றாள் ஆஸ்பத்திரி ஆயா. இனி இந்த வீட்டுக்குச் சொந்தக்காரி.

எதிரே டேப்பும் சாக்பீஸுமாக நின்றவள், வீட்டைக் கட்டியவரின் மனைவி.

வங்கிப் படியேறவே தயங்குகிறவர்களைத் தேடிப்பிடித்து, வாடகைக்குப் போகிற காசையே தவணையாகக் கட்டச் சொல்லி வீடு கொடுக்கிறவர் அவர். எல்லா வீடும் ஒரே அச்சு. சமையல் மேடை மட்டும், சமைக்கப் போகிறவரின் அளவுக்கு. ஆளைச் சுவரோரம் நிறுத்தி, முழங்கைக்கு ஒரு சாண் கீழே கோடு போடுவார். கோடு இருக்கிற இடத்தில் மேஸ்திரி மேடை கட்டுவார்.

இன்று அவர் வாசலில் மேஸ்திரியோடு பேச்சில் இருந்தார். வேலை இவள் தலையில் விழுந்தது.

கடைசி வீடு நமக்குத்தான் என்று ஒவ்வொரு இடம் வாங்கும்போதும் சொல்வார். கடைசி நேரத்தில் யாராவது கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். இவருக்கு மனசு இளகிவிடும்.

இதுவும் கடைசி வீடுதான்.

ஊருக்கெல்லாம் சொந்த வீடு, இவளுக்கு மட்டும் வாடகை வீடு. அங்கே மேடை நெஞ்சு வரைக்கும் வரும். பலகையில் ஏறி நின்றுதான் சமைக்கிறாள். இத்தனை வருடத்தில் ஒரு நாளாவது இவளைச் சுவரோரம் நிறுத்தி அளந்திருப்பாரா?

"கொடுத்து வச்சவங்க அக்கா நீங்க. வீடு கட்டுறவரே உங்க வீட்டுக்காரர்!" என்றாள் ஆயா.



அளந்தாயிற்று என்று ஆயாவை இவள் வெளியே அனுப்பிவிட்டாள். டேப்பை விரிக்கவே இல்லை. தானே சுவரோரம் போய் நின்றாள். தன் முழங்கைக்கு ஒரு சாண் கீழே அழுத்தி ஒரு கோடு போட்டாள்.

குனிந்து குனிந்து சமைக்கட்டும். இந்த வீட்டில் இது ஒன்றாவது என் அளவில் இருக்கட்டும்.

கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளை உதறும்போதே அவர் உள்ளே வந்துவிட்டார். கோட்டைப் பார்த்தார். டேப்பைக் கேட்கவில்லை. இவள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"இது உன் உயரமாச்சே."

அளக்காமலே தெரிந்து வைத்திருந்தார்.

அவர் உள்ளங்கையால் கோட்டைத் துடைத்தார். சாக்பீஸை இவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, ஆயாவை உள்ளே கூப்பிட்டார்.