கதவோரத்து நாற்காலி

வெறுப்பைப் பேசியே மூன்றில் ஒரு பங்கு இடங்களை வென்ற கட்சியைச் சேர்ப்பதில்லை என்று மற்ற நான்கு கட்சிகளும் சத்தியம் செய்திருந்தன. அதனால் நான்கும் கூடினால்தான் ஆட்சி. பேச்சுவார்த்தை அறையின் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. மிஞ்சிய ஐந்தாவது நாற்காலியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து, முறைவைத்து ஒரு தலைவர் அதில் உட்கார்ந்தார். ஒன்பதாம் நாள் அறவாழியின் முறை. இடுப்பு விட்டுப்போயிருந்தது.

"அண்ணே, நாங்க மூணு பேரும் கையெழுத்துப் போட்டாச்சு. வாங்க."

"நான் எந்திரிச்சா கதவு தொறந்துக்கும். தாளை இங்க கொண்டாங்களேன்."

எழுந்தால் தன் இடத்தை அடுத்தவர் பிடித்துக்கொள்வார் என்று மேஜையில் ஒருவரும் அசையவில்லை.

அவர் முதுகுக்குப் பின்னால், கதவைத் தள்ளாமலே ஒரு குரல் சொன்னது: "அவசரமில்லீங்க. நாங்க இங்கதான் இருக்கோம்."